தீப்பிடித்த ஹெரால்டு: இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தந்தது, எதற்குத் தரவில்லை

போன கோடையில் குரோம்பேட்டையில் ஒரு வீட்டு போர்ட்டிகோவில் நின்ற 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பானட்டுக்குள் தீப்பிடித்தது. யாருக்கும் காயமில்லை. உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அவருடைய அப்பா வாங்கிய கார் அது. பழைய மெட்ராஸ் பதிவு எண், முழு பேக்கேஜ் பாலிசி, அதில் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) என்று காகிதங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனாலும் கடைசியில் கைக்கு வந்த பணம் ரிப்பேர் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். கிளெய்ம் முடியும்வரை அவரோடு இருந்து ஒவ்வொரு கடிதத்தையும் படித்துப் பார்த்தேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் முழுதாக எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். பணம் குறைந்ததற்குக் காரணம் கம்பெனியின் கெட்ட எண்ணம் அல்ல, பாலிசியில் இருந்த ஒரே ஒரு எண்.

தீ எப்படி வந்தது

இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை வைத்து, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-லிருந்து தயாரித்த கார் இது. 948 சிசி எஞ்சின். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கும். கார்புரேட்டர் மேலே, சூடான மேனிஃபோல்டு அதற்குக் கீழே. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் ஹோஸில் கசிவு வந்தால் சொட்டு விழுவது அந்தச் சூட்டின் மேல்தான்.

அன்று நடந்ததும் அதுவே. வெயிலில் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமல் கேட்டைச் சாத்தப் போயிருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது பானட் இடுக்கில் புகை. பக்கத்து மளிகைக் கடைக்காரர் பவுடர் சிலிண்டரோடு ஓடிவந்தார். அதற்குப் பிறகு வந்த தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்து மிச்சத்தை அணைத்தது. ஒயரிங் மொத்தமும் போய்விட்டது. கார்புரேட்டர், பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், பேட்டரி எல்லாம் கருகின. முன் கண்ணாடி விரிசல் விட்டது. பானட் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. பெட்ரோல் டேங்க் பின்னால் டிக்கியில் இருப்பதால் தப்பியது. ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியது. அந்த சேஸிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக் அந்த ஹோஸை வெட்டி எடுத்து ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். ஒரு முனை கரி. தீ படாத மறுமுனையில், கிளிப் இறுக்கிய இடத்தைச் சுற்றி வெடிப்புகள் ஓடியிருந்தன. வளைத்தால் ஒடியும் அளவுக்கு இறுகிப்போயிருந்தது. "இது எத்தனால் பெட்ரோலுக்கு முந்தின ரப்பர் சார், இப்போ வர்ற பெட்ரோலைத் தாங்காது" என்றார். அவர் சொன்னது சரி. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பும், காய்ந்து இறுகும், வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் ஜி.பி. ரோடு கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

முதல் கடிதம்

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், ஹோஸையும் பார்த்தார். சில நாளில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் பாலிசியில் விலக்கப்பட்டவை, தீக்குக் காரணம் தேய்ந்த ஹோஸ், ஆகவே கோரிக்கையை ஏன் நிராகரிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. தனியார் கார் பேக்கேஜ் பாலிசியின் முதல் பிரிவைத் திறந்தால், எந்தெந்த இழப்புக்குப் பணம் தரப்படும் என்ற பட்டியலில் முதலில் நிற்பதே தீ, வெடிப்பு, தானாகத் தீப்பிடித்தல், மின்னல் ஆகியவைதான். தீ எங்கிருந்தோ வெளியிலிருந்து வர வேண்டும் என்று அங்கே எதுவும் இல்லை. தானாகத் தீப்பிடித்தல் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். பழைய காரில் தானாகத் தீப்பிடிப்பது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம் தேய்ந்து பிடிப்பதுதான். தேய்மான விலக்கு தேய்ந்த பொருளின் விலையைத்தான் மறுக்கிறது. ஹோஸுக்குப் பணம் கேட்க முடியாது. ஹோஸால் வந்த தீ எரித்ததற்குக் கேட்கலாம். உரிமையாளர் எழுதிய பதிலின் சாரம் இதுதான். தீயணைப்பு நிலையத்தில் வாங்கிய சான்றிதழையும், முந்தைய வருடங்களின் சர்வீஸ் பில்களையும் சேர்த்து அனுப்பினார்.

அந்த பில்கள் முக்கியம். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க உரிமையாளர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று பாலிசியில் ஒரு நிபந்தனை உண்டு. விலக்கு வாதம் நிற்காவிட்டால் கம்பெனி அடுத்து கையில் எடுப்பது அதைத்தான். ஆயில் மாற்றியது, ட்யூனிங் செய்தது, பிரேக் பார்த்தது என்று தேதியோடு காகிதம் இருந்ததால் அந்த வாதம் இங்கே எழவில்லை. சர்வீஸுக்கு பில் வாங்காமல் வருவது நம் ஊர்ப் பழக்கம். பழைய கார்க்காரர்கள் அதை விட்டொழிக்க வேண்டும்.

கம்பெனி ஒப்புக்கொண்டது. தீ பாலிசிக்குள் வந்துவிட்டது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஐடிவி என்ற எண்

பாலிசியில் காரின் ஐடிவி, அதாவது காருக்கு இவ்வளவு மதிப்பு என்று எழுதியிருந்த தொகை, ரூ. 90,000. யார் போட்டது? ஒவ்வொரு வருடமும் ஏஜென்ட் புதுப்பிக்கும்போது, "பழைய வண்டிதானே சார், குறைச்சுப் போட்டா பிரீமியம் குறையும்" என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இவரும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஓடும் நிலையில், ஒரிஜினல் எஞ்சினோடு இருக்கும் ஹெரால்டை அந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள்.

ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் இது: ஒயரிங் உள்ளிட்ட பாகங்களுக்கு ரூ. 46,000, ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு ரூ. 14,000, முன் கண்ணாடிக்கு ரூ. 9,000, பெயின்டிங்குக்கு ரூ. 48,000, டிங்கரிங், ஒயரிங், மாட்டும் கூலி ரூ. 38,000. மொத்தம் ரூ. 1,55,000.

இதில் பாலிசிப்படி என்ன வெட்டப்படும் என்று பார்ப்போம். பத்து வருடத்தைத் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு வயது எதுவானாலும் 50 சதவீதம்தான். ஒயரிங் உலோகமா பிளாஸ்டிக்கா என்று புது வண்டிக்காரர் சண்டை போடலாம். நமக்கு இரண்டும் பாதி. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. கூலிக்கும் கிடையாது. பெயின்டிங் பில்லில் பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதவில்லை என்றால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அதாவது 48,000-ல் பொருள் 12,000, கழிவு 6,000, கிடைப்பது 42,000. தேய்மானம் இல்லாத ஆட்-ஆன் கவரைப் பற்றி விளம்பரங்களில் பார்க்கிறோமே, அதை இந்த வயது வண்டிக்குத் தர மாட்டார்கள்.

ஆக பாகம் 23,000, ரப்பர் வகை 7,000, கண்ணாடி 9,000, பெயின்டிங் 42,000, கூலி 38,000. கூட்டினால் ரூ. 1,19,000. 1500 சிசிக்கு உட்பட்ட காருக்குக் கட்டாயக் கழிவு (கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய தொகை) ரூ. 1,000 போக ரூ. 1,18,000. ஐம்பது வயது தாண்டிய காருக்கு இது மோசமான தொகை இல்லை. பழைய வண்டிக்கு எரிந்தால் ஒன்றும் தேறாது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பழைய கார் ரிப்பேரில் பாகத்தைவிட வேலை அதிகம். வேலைக்குத் தேய்மானம் கிடையாது.

ஆனால் அந்த ரூ. 1,18,000 இவருக்குக் கிடைக்கவில்லை. பாலிசியின் இன்னொரு வரி குறுக்கே வந்தது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். 90,000-ல் 75 சதவீதம் 67,500. பெயின்டிங்கையும் கூலியையும் கூட்டினாலே தாண்டிவிடுகிறது. சேஸிஸ் நேராக இருக்கிறது, டேங்க் முழுதாக இருக்கிறது, கதவுகள் திறந்து மூடுகின்றன. காகிதத்தில் மட்டும் கார் செத்துவிட்டது.

இதே தீ, இதே எஸ்டிமேட், ஐடிவி மட்டும் ரூ. 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவீதம் ரூ. 2,25,000 ஆகிறது. ரிப்பேர் அதற்குள் அடங்கிவிடும். ரூ. 1,18,000 முழுதாக வந்திருக்கும். அதற்குக் கூடுதல் பிரீமியம் எவ்வளவு? எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக இருந்த பழைய மோட்டார் டாரிஃபில் (கட்டண விதிகளில்) சென்னை போன்ற ஏ மண்டலத்தில், பத்து வருடம் தாண்டிய, 1000 சிசிக்குள்ளான காருக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியம் விகிதம் ஐடிவியில் 3.362 சதவீதம். 2007-க்குப் பிறகு விகிதத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன என்றாலும் இந்த அளவை வைத்தே பார்ப்போம். கூடுதல் ரூ. 2,10,000-க்கு வருடம் சுமார் ரூ. 7,060. இவருக்கு இருந்த 50 சதவீத போனஸில் அது பாதியாகி ரூ. 3,530 ஆகும், வரி தனி. ஏஜென்ட் மிச்சம் பிடித்துக் கொடுத்தது இவ்வளவுதான்.

எரிந்த கார் யாருக்கு, ஆர்.சி. யாருக்கு

முழு இழப்பு என்று ஆனபின் இரண்டு வழி. கம்பெனி ரூ. 90,000-ல் கட்டாயக் கழிவு போக ரூ. 89,000 கொடுத்துவிட்டு எரிந்த காரை எடுத்துக்கொள்ளும். அல்லது எரிந்த நிலையில் காருக்கு என்ன விலையோ அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்து, காரை நம்மிடமே விட்டுவிடும்.

சாதாரண காருக்கு முதல் வழி லாபம். ஸ்கிராப் காரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? ஹெரால்டு விஷயம் வேறு. எரிந்த கார்களை ஏலம் எடுப்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆர்.சி.யோடு சேர்த்து ரூ. 35,000 வரை கேட்டார்கள். காரின் மதிப்பைப் பாலிசியில் குறைத்துப் போட்டாயிற்று, எரிந்த காரின் மதிப்பு மட்டும் சந்தையில் ஏறி நின்றது. இரண்டு பக்கமும் அடி. 89,000-ல் 35,000 போக ரூ. 54,000. உரிமையாளர் யோசிக்கவே இல்லை. "அப்பா வண்டியை உடைச்சு விக்க புதுப்பேட்டைக்கு அனுப்ப மாட்டேன் தம்பி" என்றார். 54,000-க்குக் கையெழுத்துப் போட்டார். ரிப்பேருக்கு மிச்சம் ஒரு லட்சத்து ஆயிரம் அவர் சேமிப்பிலிருந்து போனது.

இந்தக் கட்டத்தில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. முழு இழப்பு என்றதும் கம்பெனி அனுப்பிய படிவங்களில், ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ரத்து செய்து அந்தச் சான்றைத் தர வேண்டும் என்று ஒன்று இருந்தது. எரிந்த வண்டியின் ஆர்.சி. திருட்டு வண்டிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பழைய கார் வைத்திருப்பவர் பதற்றத்தில் அதில் கையெழுத்திட்டால் கதை முடிந்தது. சட்டத்தில் ரத்து என்பது அழிந்துபோன அல்லது இனி எப்போதும் ஓட்டவே முடியாத வண்டிக்கு உரியது. சரிசெய்து ஓட்டப் போகிற வண்டிக்கு அது தேவையில்லை. சர்வேயர் தன் அறிக்கையில் ஆர்.சி.யோடு ஒரு தொகை, ஆர்.சி. இல்லாமல் ஒரு தொகை என்று தனித்தனியாக மதிப்பிட முடியும். ஆர்.சி. தன்னிடமே இருக்கும்படியான மதிப்பீடு வேண்டும் என்று இவர் மெயிலில் எழுதிக் கேட்டார். கொடுத்தார்கள். வாயால் கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

பாலிசிக்கு வெளியே நின்றவை

காரில் தனியாகப் போட்டிருந்த மியூசிக் சிஸ்டத்துக்குப் பைசா வரவில்லை. கார் கம்பெனி பொருத்திக் கொடுக்காத எலக்ட்ரிக்கல் சாமான்களைத் தனியாக மதிப்புச் சொல்லி, பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சீட்டில் இருந்த பையும் அதிலிருந்ததும் பாலிசிக்குள் வராது. போர்ட்டிகோ சீலிங் கருகியது, மின்விசிறி உருகியது; சொந்த வீட்டுச் சேதத்தைக் கார் பாலிசி பார்க்காது. அதற்கு வீட்டுப் பாலிசி வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து பாரத் கிருஹ ரக்‌ஷா என்ற பெயரில் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி தருகின்றன. இவரிடம் அது இல்லை. பக்கத்து வீட்டு ஏ.சி. அவுட்டோர் யூனிட் லேசாகச் சூடு கண்டது. மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்குக் கார் பாலிசியில் ரூ. 7.5 லட்சம் வரை இடமுண்டு என்றாலும், அது தீர்ப்பாயம் வரை போகிற வேலை. சின்னத் தொகை என்பதால் இவரே கொடுத்துவிட்டார். வண்டியை இழுத்துப் போன செலவில் ரூ. 1,500 மட்டும் கிடைக்கும்.

பெயின்ட் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம் அதிகம். பானட்டில் இருந்தது கார் கம்பெனியிலிருந்து வந்த முதல் பெயின்ட். அது போனதால் காரின் மதிப்பு குறைந்திருக்கிறது, புதிதாக அடித்தாலும் அது திரும்பாது. ஆனால் மதிப்பு குறைவு என்பது பின்விளைவு இழப்பு, பாலிசி அதைத் தொடாது.

பவுடரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிலிண்டரில் வரும் ஏ.பி.சி. பவுடர் ஈரம் பட்டால் அமிலமாகி அலுமினியத்தை அரிக்கும். இங்கே பவுடரும் தண்ணீரும் இரண்டுமே விழுந்திருந்தன. தீயை அணைக்கும்போது ஆகும் சேதமும் தீச் சேதத்தோடு சேர்ந்ததுதான். ஆனால் அப்படியே விட்டு வாரக்கணக்கில் அரித்தால் அது உங்கள் கவனக்குறைவு ஆகிவிடும். சர்வேயர் பார்க்கும்முன் எதையும் தொடக் கூடாது என்பதும் உண்மை. எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கழுவப் போகிறோம் என்று கம்பெனிக்கு மெயில் போட்டு, சர்வேயர் வந்து போன அன்றே கழுவியதால் கார்புரேட்டர் பாடி பிழைத்தது.

ஆர்.சி. உயிரோடு இருந்ததால்

இந்த கிளெய்மில் யாரும் பேசாத, ஆனால் எல்லாவற்றையும் தாங்கிய விஷயம் ஒன்று உண்டு: காரின் பதிவு செல்லுபடியாக இருந்தது. 15 வருடம் முடிந்தபின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியதை இவர் தவறாமல் செய்திருந்தார். பழைய கார் வைத்திருக்கும் எத்தனையோ பேர் எங்கே ஓட்டப் போகிறோம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு புதுக் காரை வெளியூருக்கு ஓட்டிப் போய், விடுதி வாசலில் நிறுத்தியிருந்தபோது திருடு போன வழக்கில், பணம் தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லுபடியாகும் பதிவு இல்லாமல் பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்துவது பாலிசியின் அடிப்படையையே மீறுவது என்றது. வேறு வகை நிபந்தனை மீறல்களில் 75 சதவீதமாவது கொடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருக்கிறது. பதிவு விஷயத்தில் அந்தச் சலுகையை நம்பி இருக்க முடியாது.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் பதிவும் இருக்கிறது. வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். காரில் காய்கறி வாங்கப் போகிறவருக்கு அது பொருந்தாது. போகிற வழியில் எரிந்தால் பயன்பாட்டு வரம்பை மீறினீர்கள் என்று கேள்வி வரும். இந்த உரிமையாளர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது என்று முடிவு செய்ததை நான் ஆதரிக்கிறேன்.

புதுப்பித்தபோது

பிரிட்டனில் பழைய காருக்கு ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசி சகஜம். இருவரும் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு எழுதிவிடுவார்கள், முழு இழப்பானால் அதுவே கிடைக்கும். நம் டாரிஃப் அந்த வசதியை 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரான, வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியா சான்று கொடுத்த கார்களுக்கு மட்டுமே வைத்தது. ஹெரால்டும், அம்பாசடரும், பத்மினியும் அதற்குள் வர வழியே இல்லை. ஆனால் ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும் உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் ஐடிவியைக் கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்யலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. பேசி முடித்த ஐடிவியை, முழு இழப்பின்போது மேலும் தேய்மானம் கழிக்காமல் சந்தை மதிப்பாகவே ஏற்க வேண்டும் என்றும் பாலிசியில் இருக்கிறது. நடைமுறையில் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு மிக அருகில் வந்துவிடுகிறது இது. இணையத்தில் புதுப்பித்தால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை, திரையில் ஒரு எண் காட்டும், அவ்வளவுதான். கிளை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும்.

ரிப்பேர் முடிந்ததும் உரிமையாளர் ஒரு உரிமம் பெற்ற சர்வேயரிடம் கட்டணம் கொடுத்து மதிப்பீட்டு அறிக்கை வாங்கினார். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் தெரியும்படி படங்கள், ரிப்பேர் பில்கள், அதே மாடல் கார்கள் விற்ற விலை எல்லாம் அதில் சேர்ந்தன. கிளை மேலாளர் முதலில் ரூ. 1.5 லட்சம் என்றார். அறிக்கையைப் படித்துவிட்டு, ஆளை அனுப்பிக் காரைப் பார்த்தபின் ரூ. 3 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார். போனஸ் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதால் பிரீமியம் கூடுதல்தான். புதிய மியூசிக் சிஸ்டத்துக்குத் தனியாக மதிப்பு எழுதியாயிற்று. பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் வகை; மாற்றிய பில்லும் அதே ஃபைலில் இருக்கிறது. ஹெரால்டின் பழைய ஒயரிங்கில் பல சர்க்யூட்டுகளுக்கு ஃபியூஸே கிடையாது என்பதால் புது ஒயரிங்கில் ஃபியூஸ் பாக்ஸும், பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்சும் வைத்தார்கள். அந்த மாற்றத்தையும் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிவிட்டார்.